ஸ்பீக்கரா, கதவா?

முதலில் ஒரு மன்னிப்பு. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். பெயர், விலை எல்லாம் மறந்துபோகும். வாராவாரம் இந்தப் பத்தியைப் படித்து நீங்கள் பொறுத்துக்கொள்கிறீர்கள்... அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, குண்டசாலையில் எங்கள் அம்மன் கோயில் மண்டபத்தில் கூட்டம். திருவிழாவுக்கு முன் விலை உயர்ந்த ஸ்பீக்கர் செட் ஒன்று வாங்க வேண்டுமாம். ஊர் சேர்த்த பணம் முழுவதும் அதற்கே போய்விடும். பக்கத்து ஊர் திகனயில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் வியாபாரி — எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன் — செட்டைக் கொண்டுவந்து பொருத்தியிருந்தார்.

“கேட்டுப் பாருங்க. பொறகு பேசுவோம்,” என்றார்.

ஒரு நாதஸ்வரத்தைப் போட்டார். பொய் சொல்ல மாட்டேன் — அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. வாசிப்பவர் மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. எங்கள் பழைய குழாய் ஸ்பீக்கரில் நாதஸ்வரமும் மீன் லொறி ஹார்னும் ஒன்றுதான். கொடுக்கிற காசுக்குத் தகுமா? தகும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் திருவிழா என்றதும் எனக்கு வேறொன்றுதான் ஞாபகம் வரும். கோயிலில் பெண்களுக்கு ஒழுங்கான மலசலகூடம் இல்லை. பின்பக்கம் ஒன்று இருக்கிறது. கதவுக்குப் பதில் சாக்கு தொங்குகிறது. அதனால் திருவிழா அன்று காலையிலிருந்து நாங்கள் தேத்தண்ணிகூடக் குடிப்பதில்லை. தாங்க முடியாவிட்டால் கீழே உள்ள சிங்கள அம்மா வீட்டுக்கு ஓடுவோம். நல்ல மனுஷி. ஆனால் ஊரே வரிசையில் நின்றால் அவரும்தான் என்ன செய்வார்?

இதை ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் எப்படிச் சொல்வது? நான் அங்கே வாய் திறந்ததே இல்லை. பக்கத்து வீட்டுச் செல்வி தொடையில் கிள்ளினாள்.

“எந்திரிங்கக்கா. நான் சொன்னா வாயாடின்னுவாங்க. உங்கள ஒன்னும் சொல்ல மாட்டாங்க.”

எழுந்தேன்.

“தலைவரே, செட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா மொதல்ல எங்களுக்கு... கக்கூசுக்கு ஒரு கதவும் தண்ணியும் வேணும்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பொருளாளர் கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். “பெரியம்மா, இப்ப பாட்டப் பத்திப் பேசுறோம்.”

“நானும் பாட்டப் பத்தித்தான் பேசுறேன் தம்பி. அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கிறவளுக்கு எந்தப் பாட்டு காதுல ஏறும்?”

இப்போது பெண்கள் பக்கம் சிரித்தது. தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இத்தன வருஷமா இல்லாத அவசரம் இந்த வருஷம் மட்டும் என்ன?”

“இத்தன வருஷமா நாங்க கேக்கல. இப்ப கேக்குறோம்.”

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச்சு ஸ்பீக்கருக்கே திரும்பிவிடும் என்று தெரியும்.

அப்போது கடைக்கார நானா தொண்டையைச் செருமினார். “அம்மா சொல்றது ஞாயம். திருவிழாவுக்கு இந்த செட்ட வாடகைக்குத் தாரேன். கதவ வாடகைக்கு எடுக்க ஏலாதே.”

தலைவர் அவரைப் பார்த்த பார்வை... சொல்ல வேண்டாம். ஆனால் செல்வி கதவுக்காகக் கை தூக்கிவிட்டாள். பிறகு எல்லாப் பெண்களும். பிறகு, கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போக வேண்டிய ஆண்களும்.

நல்ல ஒலிப்பெட்டிக்குக் காசைக் கொட்டலாமா என்று கேட்டால், கொட்டுங்கள் என்றுதான் சொல்வேன். கேட்கப்போகிறவர் நிம்மதியாக உட்கார வழி செய்த பிறகு.

ஒரு பக்கத்துக்கு ஆயிரம் வாட்ஸ் என்று நானா சொன்னதாக ஞாபகம், தப்பாகவும் இருக்கலாம். அந்த மூச்சுச் சத்தம் கேட்டது செட்டின் விலையாலா, பதிவு செய்தவரின் கெட்டிக்காரத்தனத்தாலா என்பதும் எனக்குத் தெரியாது. விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.

கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டார்களா என்பதை நானே போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.