இருமல் கேட்ட நாட்கள்

புதிதாக வந்த தலைமையாசிரியை மேல் எனக்கு முதல் நாளே சந்தேகம். சிரித்துப் பேசுகிற அதிகாரிகளை நான் நம்புவதில்லை. இருபது வருடம் அறிவியல் எடுத்தவராம், தம்பி குடும்பத்தோடு இருக்கிறாராம், டிபன் டப்பாவைத் தானே கழுவிக்கொள்வாராம். எல்லாம் அலுவலக உதவியாளர் சொன்னது. எனக்கு மனம் இளகவில்லை.

இரண்டாம் மாதக் கூட்டத்தில், ஏழாம் வகுப்பில் பாதிப் பேருக்குப் பின்னக் கணக்கு வரவில்லை, ஏன் என்று வகுப்பிலேயே பார்த்துக் கண்டுபிடிக்கும் செயலாராய்ச்சி செய்யப்போகிறேன் என்றார். அந்த வகுப்புக் கணக்கு வாத்தியார் நான்தான். ஆராய்ச்சியாவது மண்ணாங்கட்டியாவது, என்னை மாற்றல் செய்ய ஆதாரம் சேர்க்கிறார் என்று முடிவு கட்டினேன். வீட்டில் அப்பா படுத்த படுக்கை. மதிய இடைவேளையில் நான் ஓடிப்போய்ப் புரட்டிப் படுக்க வைத்தால்தான் உண்டு. மாற்றல் வந்தால் அவர் கதி என்ன?

மறுநாளிலிருந்து பழுப்பு அட்டை நோட்டோடு என் வகுப்பு ஜன்னலோரம் வந்து நின்றார். சில நாள் வருவார், சில நாள் வரமாட்டார். போதாததற்கு வாசலில் ஒரு அட்டைப்பெட்டி. பிள்ளைகள் சாயங்காலம் அதில் பெயரோடு சீட்டு எழுதிப் போட வேண்டும். பிள்ளைகளுக்குக் கோள்மூட்டக் கற்றுத்தருகிறார் என்று பொருமினேன்.

நானும் லேசுப்பட்டவன் இல்லை. பி.டி. மாஸ்டரை வராந்தாவில் நிறுத்தினேன். மேடம் தலை தெரிந்ததும் அவர் இரண்டு தடவை இருமுவார். உடனே நான் கடைசி பெஞ்சுக்குப் போய், ஒவ்வொருவராக எழுப்பிக் கேள்வி கேட்டு, தப்பைத் திருத்தி, தோளில் தட்டிக்கொடுப்பேன். மற்ற நாட்களில் முதல் பெஞ்சு நாலு பேரோடு பாடம் முடிந்துவிடும்.

ஆறு வாரம் கழித்து அறைக்குக் கூப்பிட்டார். நோட்டை என் பக்கம் திருப்பினார். சீட்டில் ஒரே கேள்விதானாம்: இன்று சார் உன்னிடம் ஏதாவது கேட்டாரா? அவர் நின்ற நாட்களில் கடைசி பெஞ்சு முழுக்க ‘ஆமாம்’. மறுநாள் காலை அவரே வைத்த குட்டித் தேர்வில் அந்தப் பிள்ளைகள் பத்துக்கு ஏழு, எட்டு. நிற்காத நாட்களில் அவர்கள் சீட்டு எல்லாவற்றிலும் ‘இல்லை’. மதிப்பெண் இரண்டு, மூன்று.

"எங்க மாத்தறீங்க மேடம்?" என்றேன். அப்பாவைப் பற்றியும் ஏதோ உளறினேன்.

"மாத்தறதா? அந்தப் பசங்களுக்குச் சொல்லித்தர உங்களுக்கு நல்லாவே தெரியுது சார். நான் கண்டுபிடிச்சது அவ்வளவுதான்." நோட்டை மூடினார். "நாளையிலேர்ந்து நான் வரமாட்டேன். மாஸ்டர் வேணா இருமிக்கிட்டே இருக்கட்டும்."

வெட்கமாக இருந்தது. இருந்தும் பழைய புத்தி போகவில்லை. நிஜமாகவே வரவில்லையா என்று மறுநாள் வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஜன்னலில் யாரும் இல்லை.

கடைசி பெஞ்சில் ஒரு பெண்ணும் அதே ஜன்னலைத்தான் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும், இன்றைக்குத் தனக்கு வேலை இல்லை என்பது போல நோட்டை மூடி வைத்தாள். நான் சாக்பீஸை வைத்துவிட்டு அவளிடம் போனேன்.