விபத்து என்று போன மெயில்

நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை எனக்கு. டேட்டாபேஸில் ஒரு வண்டியை ‘விபத்து’ என்று மாற்றினால் டிரைவர் வீட்டுக்குத் தானாகவே மெயில் போகும்படி அமைத்தவன் நான்தான்.

அதைச் சோதிக்கத் தனியாக ஒரு பொய் வண்டி எண் உண்டு. சோம்பல்பட்டு, திரையில் முதலில் தெரிந்த நிஜ வண்டியையே மாற்றிப் பார்த்தேன். உடனே பழையபடி திருத்தியும் விட்டேன். ஆனால் மெயில் போய்விட்டது.

இரண்டு மணி நேரத்தில் குமாரபாளையத்திலிருந்து அந்த டிரைவரின் மனைவி வந்து நின்றார். தறியை விட்டு அப்படியே ஓடி வந்திருக்கிறார். தலையெல்லாம் பஞ்சு.

“மக செல்லுக்கு மெயில் வந்துச்சுங்க. அவருக்குக் கூப்பிட்டா லைனே போக மாட்டீங்குது. உசுரோட இருக்காருங்களா?”

ஜிபிஎஸ்ஸில் பார்த்தேன். வண்டி அஸ்ஸாமில் ஓடிக்கொண்டிருந்தது.

“அவருக்கு ஒண்ணுமில்லீங்க அக்கா. கம்ப்யூட்டர் தப்பா அனுப்பிருச்சு.”

தரையில் உட்கார்ந்து அழுது தீர்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, “மிசினுக்கு என்னங்க தெரியும்? நீங்க வெசனப்படாதீங்க சாமி” என்றார்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்த மெயிலின் அடியில் நானே எழுதி வைத்த வரி இன்றும் கண்ணில் குத்துகிறது: ‘இது தானாக அனுப்பப்பட்டது. பதில் அனுப்ப வேண்டாம்.’