கோட்டோரம் நின்ற கார்த்திகேசன்

கடலூரில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற கார்த்திகேசன், முப்பது வருடம் வாலிபால் போட்டிகளுக்கு நடுவராக இருந்தவர். அறுபத்து மூன்று வயதில் அவருக்கு டிமென்ஷியா என்று டாக்டர் சொன்னார். ஒருநாள் ஆட்டத்தின் நடுவே எந்த அணி சர்வீஸ் போட வேண்டும் என்பதே மறந்துபோய், விசிலோடு திகைத்து நின்றார். அதற்குப் பிறகு மைதானத்துப் பக்கமே அவர் போகவில்லை.

இந்த வருடம் அவருடைய மச்சினன் தேவநாதன் கீரப்பாளையத்தில் போட்டி நடத்தினான். "லைன் பாக்க ஆள் இல்ல மாமா, நீங்க வாங்க" என்று வந்து நின்றான்.

"எனக்குத்தான் எல்லாம் மறந்துபோவுதேடா."

மனைவி சௌந்தரம் விடவில்லை. "லைன் பாக்க என்னாங்க ஞாபகம் வேணும்? பந்து உள்ள வுழுந்துதா, வெளிய வுழுந்துதா, அவ்ளோதானே?"

கார்த்திகேசன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இறுதி ஆட்டத்தின் கடைசிப் புள்ளி. சிதம்பரம் அணி அடித்த பந்து கோட்டருகே விழுந்ததும் கார்த்திகேசன் கொடியை உயர்த்தி, "அவுட்!" என்றார். சிதம்பரம் ஆட்டக்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"மறதிக்காரருக்கு என்னா தெரியும்?" என்று ஒருவன் கத்தினான்.

"சாயங்காலம் உன் மூஞ்சியே எனக்கு மறந்துடும் தம்பி. ஆனா பந்து வெளிய வுழுந்தத இப்பதான் பாத்தேன்."

யாரோ செல்போனில் எடுத்திருந்த வீடியோவை நடுவர் ஓட்டிப் பார்த்தார். பந்து கோட்டுக்கு இரண்டு விரல் வெளியே விழுந்திருந்தது. கூட்டம் எழுந்து கைதட்டியது. கத்தியவனே வந்து கைகொடுத்தான்.

அடுத்த மாதம் பரங்கிப்பேட்டையிலும் லைன் பார்க்க வரச்சொல்லி தேவநாதன் கேட்டான்.

"தேதிய உங்க அக்காகிட்ட சொல்லிடு. நான் வந்து நிக்கிறேன்" என்றார் கார்த்திகேசன்.