பார்த்தது யார்?

பத்திரிகையில் எழுதுகிறவருக்கு ஒரே ஒரு ஆசிரியர். அதை உரக்க வாசிக்கிறவனுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் ஆசிரியர்கள். பிறருக்குக் கடிதமோ பத்திரமோ வாசித்துக் காட்டி, எழுதினவனுக்குச் சேர வேண்டிய திட்டை நீங்கள் வாங்கியிருந்தால், என் பாடு உங்களுக்குப் புரியும். யுத்த காலத்தில் சின்னமனூர் வாசகசாலையில் பேப்பர் வாசிப்பது என் வேலை. பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடும் மதுரை பஸ் சாயங்காலம் பேப்பரைக் கொண்டுவந்து போடும். வயலிலிருந்தும் கொடிக்காலிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்ததும், நான் பெஞ்சில் ஏறி நிற்பேன்.

மழைச் செய்தி

முதல் நாளே மாட்டிக்கொண்டேன். "மேற்கு மலைப் பகுதியில் முந்தாநாள் நல்ல மழை" என்று கணீரென்று வாசித்தேன். எல்லோரும் பாராட்டுவார்கள் என்று நினைப்பு. முன்வரிசையில் இருந்தவர் மாயாண்டி. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். முட்டிவரை சேறு காய்ந்திருந்தது. கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"தம்பி, அந்த மழையில நனைஞ்சவனுக்கே அத வாசிச்சுக் காட்டுறீகளே! நாளைக்கு வர்ற மழையப் போட்டிருந்தா வாசிங்க, இல்லாட்டி அடுத்த பக்கத்தத் திருப்புங்க."

மூழ்கிய கப்பல்

ஊர்ப் பஞ்சாயத்தில் யார் எதைச் சொன்னாலும் முதல் கேள்வி, 'பார்த்தது யார்?' பார்த்தவர் வந்து நின்றால்தான் பேச்சு மேலே நகரும். பஞ்சாயத்தில் உட்கார்ந்து பழகிய மாயாண்டி அந்த வழக்கத்தை வாசகசாலைக்கும் கொண்டுவந்துவிட்டார். லண்டனில் மந்திரி பேசினாரா? பார்த்தது யார்? மாஸ்கோவில் பனி பெய்ததா? பார்த்தது யார்? கொஞ்ச நாளில் கூட்டம் மொத்தமும் அப்படியே கேட்கப் பழகிவிட்டது. நிருபர், தந்தி என்று நானும் விளக்கம் தயாராக வைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் நடுக்கடலில் கப்பல் ஒன்று மூழ்கி, ஒருவரும் பிழைக்கவில்லை என்று வாசித்தேன். மாயாண்டி கையை உயர்த்தினார்.

"ஒருத்தரும் பொழைக்கலைன்னா வந்து சொன்னவுக யாரு தம்பி? சொன்னவுகளையும் செத்த கணக்குல சேத்துட்டாகளா?"

ரங்கூன்

வாசகசாலை வாசலில் பேச்சியம்மா கூடையில் வெற்றிலை வைத்து விற்பார். அவருடைய ஒரே மகன் செல்லையா பர்மாவில், ரங்கூன் அரிசி மில் ஒன்றில் வேலையில் இருந்தான். சண்டை அந்தப் பக்கம் போனதிலிருந்து அவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. ரங்கூன் ஜப்பான்காரர்களிடம் விழுந்த செய்தி வந்த அன்று, தலைப்பைப் பார்த்ததும் பக்கத்தைத் திருப்பிவிட நினைத்தேன். அதற்குள் பேச்சியம்மா உள்ளே வந்து நின்றுவிட்டார்.

வாசித்தேன். நகரம் எரிகிறது. நம் ஜனங்கள் காட்டு வழியே நடந்து வருகிறார்கள். வழியிலேயே விழுந்தவர்கள் பலர். இந்தத் தடவை பேச்சியம்மாதான் கேட்டார்: "எம் மவன் விழுந்ததப் பாத்தது யாரு?"

"யாரும் இல்ல, ஆத்தா" என்றேன்.

"அப்ப நடந்துக்கிட்டிருக்கான். நீங்க அடுத்தத வாசிங்க தம்பி."

சாட்சி

ஆனி மாதம் ஒரு சாயங்காலம் பேப்பர் கட்டும் செல்லையாவும் ஒரே பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். முகம் முழுக்கத் தாடி, கால்களில் துணிச் சுற்று. பேச்சியம்மா ஓடிய வேகத்தில் கூடை கவிழ்ந்து ரோடெல்லாம் வெற்றிலை. "எல்லாரும் எடுத்து வாயில போடுங்கப்பா!" என்று அழுதுகொண்டே சிரித்தார். அன்று ஊரே வாய் சிவந்து திரிந்தது.

கால் புண் ஆறியதும் அவனை வாசகசாலைக்கு அழைத்து வந்து என் பெஞ்சில் ஏற்றினார்கள். ஒருவழியாகப் பார்த்தவனே கிடைத்துவிட்டான்! மாயாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. "ஏலே செல்லையா, ரங்கூன் எப்பிடிலே விழுந்துச்சு? சப்பான்காரன் எந்தப் பக்கமா வந்தான்? வெள்ளைக்காரன் நின்னானா, ஓடுனானா?"

செல்லையா சிரித்துக்கொண்டே இறங்கி, மாயாண்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"நான் பாத்ததெல்லாம் எனக்கு முன்னால நடந்தவரு முதுகத்தாண்ணே. அந்தப் பழைய பேப்பர எடுத்து வாசிங்க, நான் எங்கன இருந்தேன்னு நானும் தெரிஞ்சுக்கிறேன்."

தேடி எடுத்து வாசித்தேன். அத்தனை வருஷ வாசிப்பில் என்னை ஒரு தடவைகூட இடைமறிக்காமல் கேட்டவன், அந்தச் செய்திக்குள்ளேயே நடந்து வந்த அவன் ஒருவன்தான்.