ஒரு கையளவு வெள்ளை

என் அக்கா புருஷனும் பெயிண்டர், நானும் பெயிண்டர். நான் அடிப்பது சுவர். முடித்துவிட்டு நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டலாம். அவர் வரைந்ததைக் காட்டினால் நாலு பேரும் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துக் கழுத்து வலியோடு வீட்டுக்குப் போவார்கள்.

பகலில் அவர் தண்ணீர் வரி அலுவலகத்தில் குமாஸ்தா. மாலையில் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் பின்னறைக்குள் போனால், கதவைத் தட்டினாலும் "ம்" என்பதுதான் பதில். அப்படியொரு ஊமைக்கோட்டான். மனுஷ உருவமே வரைய மாட்டார். குடும்பத்தில் ஆளுக்கொரு குறி வைத்திருந்தார். அவருடைய அண்ணன் துருப்பிடித்த ஆணி. அம்மா, மூடி போட்ட பாத்திரம். நான் மஞ்சள் முக்கோணம், அதுவும் கோணல்.

"ஏன் மாமா கோணலாப் போட்டீங்க?"

"நீ நேரா நின்னு நான் பாத்ததில்லையே."

அக்கா இந்தப் பேச்சுக்கெல்லாம் வர மாட்டாள். வீட்டு வேலை முடிந்ததும் சட்டத்தில் துணியை இழுத்து ஆணியடித்து, பசையும் சுண்ணப் பொடியும் கலந்து மூன்று பூச்சுப் பூசி, உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்துக் கொடுப்பாள். இருபத்திரண்டு வருஷமாக அவள் பூசிய வெள்ளையின் மேல்தான் அவர் கிறுக்கிக்கொண்டிருந்தார்.

போன மாதம் ஒரு கண்காட்சிக்காக, எந்தக் குறி யார் என்று ஒரு தாளில் எழுதி மேஜையில் வைத்திருந்தார். அக்கா அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்திருக்கிறாள். ஆணி இருந்தது, பாத்திரம் இருந்தது, பூனைக்குக்கூட ஒரு நீலப் புள்ளி இருந்தது. அவள் இல்லை.

"நான் எங்கங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

"உனக்கு எதுக்குக் குறி?" என்றாராம் மகாராஜா.

பையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். "பூனைய விடக் கேவலமாப் போயிட்டேன்டா. இனி அந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்" என்றாள். சித்தப்பாவோடு ஒருமுறை பேச்சை நிறுத்தியவள், பதினொரு வருஷமாக இன்னும் பேசவில்லை.

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். "இரு, டீ போட்டுட்டு வரேன்" என்று அடுப்படிக்குப் போய்விட்டார். பின்னறையில் முடிந்த படம் ஒன்று நின்றது. ஆணி, பாத்திரம், பாழாய்ப்போன முக்கோணம் எல்லாம் இருந்தன. வலது மூலையில் மட்டும் கையகலத்துக்கு வண்ணமே படாமல் வெள்ளையாகக் கிடந்தது. என் தொழிலில் இப்படித் திட்டு விட்டால் வீட்டுக்காரர் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்பார். கை அரித்தது. பக்கத்தில் நீலம் இருந்தது, சீக்கிரம் காயும் ரகம். இரண்டு கோட்டிங் கொடுத்தேன். நானே சொல்லக் கூடாது, ஓரம் பிசிறில்லாமல் வந்தது.

டீயோடு வந்தவர் படத்தைப் பார்த்தார். டம்ளரை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"அது உங்க அக்காடா."

"எது?"

"அவ பூசின வெள்ள. எல்லாருக்கும் அடியில அவதான் இருக்கா. ஒவ்வொரு படத்துலயும் ஒரு இடத்த மட்டும் மூடாம விடுவேன். அவளுக்குன்னு தனியா எதப் போடுறது?"

சுவரோரம் சாய்த்திருந்த பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினேன். எல்லாவற்றிலும் இருந்தது. நான் இத்தனை காலமும் அதைச் சோம்பேறித்தனம் என்றே நினைத்திருந்தேன்.

"இத அக்காகிட்ட சொன்னீங்களா?"

"அவளுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். நான் சொல்லச் சொல்ல அக்கா அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள். "இருபத்திரண்டு வருஷமா இதச் சொல்ல வாயில்லையா அந்த மனுஷனுக்கு?" என்று எழுந்தாள். பையை என்னைத் தூக்கிவரச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

வாசலில் நின்றவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. பின்னறைக்குப் போய் நைஸ் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு படத்தின் முன்னால் உட்கார்ந்தாள். என் இரண்டு கோட்டிங்கும் தூளாக உதிர்ந்தது. வெள்ளை எட்டிப்பார்த்ததும் கையை மெதுவாக்கினாள். தூசியை ஊதிவிட்டு, அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அவர் பின்னாலேயே வந்து நின்றிருந்தார்.

"அடுத்த படத்துல இந்த முக்கோணத்தச் சின்னதாக்கிட்டு, எனக்குக் கொஞ்சம் பெருசா விடுங்க" என்றாள்.

"ம்" என்றார்.