அறுப்புப் பண்டிகைக்குக் கொண்டுபோன தண்ணீர்

எனக்குச் சொந்த ஊர் கலவைப் பக்கம். ஆம்பூருக்குக் கிட்டே பாலாற்றங்கரை ஊரில் கட்டிக் கொடுத்தார்கள். வந்த முதல் நாள் கிணற்றில் சேந்திக் குடித்த தண்ணீரைத் துப்பிவிட்டேன். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே பழகிவிடும் என்றார். பழகிவிட்டது. என் கஷ்டமெல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

தண்ணீர் ஏன் கரிக்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். மேட்டில் தோல் பதனிடுகிற ஷாப்பு இருக்கிறது. உப்புப் போட்டு வருகிற தோலை ஊறவைத்து அலசி அந்தத் தண்ணீரைக் கால்வாயில் விடுவார்கள். அது எங்கள் நிலத்து வழியாகத்தான் போகும். நெல் விளைந்த நிலம் அது. இப்போது முள் மட்டும்தான். நிலம் போன பிறகு என் வீட்டுக்காரர் அதே ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தார். மேஸ்திரி சொன்னதும் தொட்டி மதகைத் திறந்து விடுவது அவர்தான்.

நல்ல தண்ணீருக்கு ரயில் ரோட்டைத் தாண்டிப் போகவேண்டும். முடிந்த நாளில் போவோம், முடியாத நாளில் கிணறுதான். அதில் காப்பி வைத்தால் பால் திரிந்துபோகும். அதனால் பால் இல்லாமலே குடித்தோம்.

எனக்குத் தலைச்சன் ஆண்பிள்ளை. தவழ்கிற வயசில், வெயில் காலத்தில், அவனுக்குப் பேதி கண்டது. நான் பயப்படவில்லை. ஏனென்றால் எனக்கு வழி தெரியும். ஒரு நர்ஸ் எங்கள் வேதக்கோயில் வராந்தாவில் எங்களை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தார். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, சர்க்கரை போட்டு, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கொடுக்கவேண்டும். கொடுக்கும் முன் வாயில் விட்டுப் பார்க்கவேண்டும், கண்ணீரைவிடக் கரிக்கக்கூடாது. நான் ஐந்தாவதுவரைதான் படித்தேன். ஆனால் இது வேதாகமத்துப் பத்துக் கற்பனை மாதிரி மனப்பாடம்.

அப்படியே செய்தேன். நன்றாகக் கொதிக்க வைத்தேன். வாயில் விட்டுப் பார்த்தேன், என் நாக்குக்குச் சரியாக இருந்தது. நாளெல்லாம் கரண்டியால் ஊட்டினேன். ஆசையாகக் குடித்தான். குடிக்கக் குடிக்க இன்னும் கேட்டான், பிழைத்துக்கொண்டான் என்று சந்தோஷப்பட்டேன். சாயங்காலம் கை கால் வெட்டி இழுப்பு வந்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கேயே போய்விட்டான்.

துக்கம் கேட்க அந்த நர்ஸ் வந்தார். என்ன கொடுத்தாய் என்று கேட்டு, அதேபோல ஒரு டம்ளர் கலக்கித் தரச் சொன்னார். கலக்கிக் கொடுத்தேன். ஒரு வாய் விட்டவர் உடனே துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. பிறகு வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"எந்தத் தண்ணிம்மா இது?"

"கெணத்துத் தண்ணிதான் சிஸ்டர். நல்லா கொதிக்க வெச்சேன்."

டம்ளரைக் கீழே வைத்தார். "கொதிச்சா கிருமிதாம்மா சாவும். உப்பு போவாது." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, எந்தத் தண்ணீர் என்று கேட்டுவிட்டுத்தான் நான் உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்று அழுதார்.

கோயில் பெண்கள் வேறு மாதிரி ஆறுதல் சொன்னார்கள். தலைச்சன் கர்த்தருக்குச் சொந்தம், அது அவர் போட்ட சட்டம் என்றார்கள். "அவரோடத அவரு எடுத்துக்கினாரு. அழாத."

அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. உப்பைக் கடலில் வைத்து, இதைத் தாண்டாதே என்று எல்லை போட்டவர் அவர்தானே. கிணற்றில் இனிப்புத் தண்ணீரை வைத்தவரும் அவர்தானே. பிள்ளையை அவர்தான் எடுத்தார் என்றால் நான் இனி எப்படி முழங்கால் போடுவேன்? அவர் எடுக்கவில்லை என்றால், மதகைத் திறந்த கையோடும் கரண்டி பிடித்த கையோடும் நாங்கள் ரெண்டுபேரும் ஒரே வீட்டில் எப்படி இருப்போம்? யாராவது ஒருவர் எனக்குச் சொல்லவேண்டும். சொல்லாமல் சோறு இறங்கவில்லை.

அறுப்புப் பண்டிகை வந்தது. நிலத்தில் விளைந்ததில் முதல் பலனைக் கொண்டுவந்து கோயிலில் ஆல்டர் பீடத்துக்கு முன்னால் வைக்கவேண்டும். எல்லோரும் பூசணி, வாழைத்தார், கோழி என்று வைத்தார்கள். நான் கிணற்றில் ஒரு குடம் சேந்தி, வீட்டுக்காரருக்குச் சொல்லாமல் கொண்டுபோய் வைத்தேன்.

போதகர் ஒவ்வொன்றின்மேலும் கை நீட்டி, ஆண்டவர் படைத்ததெல்லாம் நல்லது என்று ஜெபித்துக்கொண்டே வந்தார். என் பிள்ளையை அடக்கம் செய்தவர் அவர்தான். குடத்துக்கு வந்ததும் எட்டிப் பார்த்தார். லேசாகப் பழுப்பேறிய அந்தத் தண்ணீர் எது என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்கவேண்டியதில்லை. கை நின்றுவிட்டது. நான் அவர் வாயையே பார்த்தேன். கண்ணை மூடினார். பிறகு பக்கத்துப் பூசணிக்குப் போய்விட்டார். நல்லது என்று அவர் சொல்லவில்லை. வேறு எதுவும் சொல்லவும் இல்லை.

ஆராதனை முடிந்து வெளியே காணிக்கைகளுக்கு ஏலம். போதகருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் ஒரு சேவலைத் தூக்கி, நம்ம கோயில் பாட்டுக்கார பசங்களவிட இது சுதியோட கூவும் என்று சொல்லிச் சிரிக்கவைத்தார். குடம் வந்தபோது, இது யாருடைய காணிக்கை என்று கேட்டார்.

"எங்களுது," என்றேன். "எங்க நெலத்துல இப்ப இதான் வெளையுது."

ஒருத்தரும் ஏலம் கேட்கவில்லை. ஆல்டரில் வைத்ததைத் திருப்பித் தரும் வழக்கமும் இல்லை. உபதேசியார் குடத்தை வைத்துக்கொண்டு நின்றார். அப்போது பின்னாலிருந்து என் வீட்டுக்காரர், "அத எனக்குக் குடுங்க" என்றார். கூட வேலை செய்கிற ஒருவன், "இன்னாபா, ஊட்ல இல்லாத தண்ணியா?" என்றான். இவர் குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார். நான் பின்னால் போனேன்.

பிள்ளையைப் புதைத்த கல்லறைத் தோட்டத்து வாசல் பக்கம் திரும்பினார்.

"அவன் மேல ஊத்தாதய்யா," என்றேன்.

நின்றார். எங்கள் நிலத்து வரப்புக்குப் போய்க் குடத்தை இறக்கினார். அங்கேயும் ஊற்றவில்லை. "எங்க ஊத்துனாலும் கெணத்துக்குத்தான் வரும்," என்றார். குடத்தை வீட்டுக்கே கொண்டுவந்து மூலையில் வைத்தார். மறுநாள் வேலைக்குப் போனார். மேஸ்திரி திறக்கச் சொன்னார், திறந்தார். வேறு வேலை எங்கே இருக்கிறது?

இப்போது வயிற்றில் இன்னொன்று இருக்கிறது. தினமும் ரயில் ரோட்டைத் தாண்டித்தான் தண்ணீர் கொண்டுவருகிறேன். ஆனால் அதுவும் கரிக்க ஆரம்பித்துவிட்டதா என்று என் நாக்குக்குத் தெரியவில்லை. அதனால் ரயில்வே கேட்டுக்காரர் பெண்சாதியிடம் தினமும் ஒரு டம்ளர் நீட்டுகிறேன். அந்த அம்மா வெளியூர், இந்தத் தண்ணீருக்குப் பழகாத நாக்கு.

நேற்றும் குடித்துப் பார்த்து, "நல்லாத்தாம்மா கீது" என்றார். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தவள் நின்றேன்.

"நீங்க இங்க வந்து எவ்ளோ நாளாச்சுக்கா?"

"ரெண்டு வருஷம் ஆவப்போவுது."

இதைவிடக் குறைந்த நாளிலேயே பழகிய நாக்கு என்னுடையது. தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே குடத்தை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஆண்டவரே, எங்களுக்குப் பழகிவிட்டது. உம்முடைய நாக்குக்காவது பழகாமல் இருக்கட்டும் என்றுதான் ஜெபித்தேன். வேறு ஜெபம் எனக்கு வரவில்லை.