பதினான்காம் கமராவின் புல்

என் தவறை முதலில் பட்டியலாக எழுதிப் பார்த்தேன். மூன்று வரிகளில் முடிந்துவிட்டது. அவ்வளவு சுருக்கமாக முடிந்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பல்கலைக்கழக வளாகத்தில் எனக்குப் படம் பிரிக்கும் வேலை. ஆப்பிரிக்காவில், கோடையில் ஆறு முழுவதும் மணலாகிவிடும் ஒரு சவன்னாப் பள்ளத்தாக்கில், மரங்களில் கமராக்களைக் கட்டியிருக்கிறார்கள். எது அசைந்தாலும் அவை அடுத்தடுத்து மூன்று படங்கள் எடுக்கும். காற்றில் புல் ஆடினாலும் எடுக்கும். ஒரு வனக்காவலர் நடந்தே போய்ப் படங்களைச் சேகரித்து அனுப்புவார். விலங்கில்லாத படங்களைக் கழிக்க நான் கணினிக்கு ஒரு விதி எழுதினேன்: மூன்றிலும் புல்லைத் தவிர வேறெதுவும் இடம் மாறாவிட்டால், வெற்றுப் படம். வேலை பாதியாகக் குறைந்தது. பாராட்டினார்கள்.

பதினான்காம் கமராவுக்குப் பக்கத்தில் காட்டு நாய்கள் குட்டி போட்டிருப்பதாகக் காவலர் எழுதியிருந்தார். பல வருடங்களாக அங்கே அவற்றை யாரும் கண்டதில்லை. படம் இருந்தால்தான் சுற்றுலா வண்டிகள் போகும் ஆற்றங்கரைப் பாதையை மூடுவார்கள். என் பட்டியலில் பதினான்குக்கு எதிரே 'வெற்று' என்று இருந்தது. பாதையை மூடவில்லை.

சில வாரங்களுக்குப் பிறகு, ஒரு சனிக்கிழமை காலை, புரோசார்ட்டில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் மடிக்கணினியோடு இருந்தேன். அம்மாவுக்கு அந்தக் கமரா பிடிக்கும். அதற்கு எதிரே, அடிமரம் பீப்பாய் போலப் பருத்த ஒரு பெருக்கமரம் நிற்கிறது.

"எங்கட ஊர்ப்பக்கம் நெடுந்தீவில நிக்கிறதும் உதுதான். காட்டு, பாப்பம்."

"எல்லாம் வெறும் படம் அம்மா."

"இவ்வளவு பெரிய மரம் நிக்குது, வெறும் படமாம்!"

கழித்த படங்களைத் திறந்து கொடுத்துவிட்டுத் தேநீர் போட எழுந்தேன்.

"பிள்ளை, ஆர் புல்லுக்குள்ள கரண்டி நட்டு வைச்சது?"

"அது புல்லுதான் அம்மா."

"உங்கட புல்லுக்குக் காதும் முளைக்குமோ?"

பெரிதாக்கினேன். மர நிழலில் வட்டமான ஐந்து காதுகள். வெயிலுக்குப் படுத்திருந்த நாய்கள். படுத்திருப்பவை இடம் மாறாது என்பதை நான் யோசிக்கவே இல்லை.

"அந்தக் காவல்கார மனுசனுக்குச் சொல்லு."

"பேந்து சொல்லுறன்."

"பேந்து எண்டா எப்ப?"

உடனே அழைத்தேன். விளக்கம் சொல்ல ஐந்து குறிப்புகள் வைத்திருந்தேன். முதலாவது முடியுமுன்பே, படத்தில் எத்தனை நாய் என்று காவலர் கேட்டார். குறைந்தது மூன்று என்றேன். குட்டிகள் இருந்த வளை காலியாகி ஒரு வாரம் என்றார். வண்டிகள் கிட்டப் போய் நின்றதால் தாய் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்விட்டது. எங்கே என்று அவருக்கும் தெரியாது. என்னைக் கோபிக்கவில்லை. படத்தை மட்டும் அனுப்பச் சொன்னார். அவர் நாய்களைக் கண்டதை மனைவிகூட நம்பவில்லையாம்.

அனுப்பினேன். இப்போது பாதையை மூடியிருக்கிறார்கள். விதியை அழித்துவிட்டு, பதினான்காம் கமராவின் படங்களை ஒவ்வொன்றாக நானே பார்க்கிறேன். பெருக்கமரம், புல், மணல். அம்மா பின்னால் வந்து நிற்பார்.

"கரண்டி ஏதும்?"

"இல்லை அம்மா."